வங்கிக்குக் கணினி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்கிறார்கள்: அப்போது உண்மையில் என்ன நடந்தது?

கேள்வி (மெடிக்கல் கோடர், சென்னை)

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் மெடிக்கல் கோடிங் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இத்துறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர்கள் எழுதும் சிகிச்சைக் குறிப்புகளை நாங்கள் சார்ட் என்போம். அவற்றை வரி வரியாகப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் பதிவதுதான் எங்கள் வேலை. அந்தக் குறியீடுகளை வைத்துத்தான் அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும். 2015 அக்டோபரில் அமெரிக்கா நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 குறியீட்டு முறைக்கு மாறிய பிறகு நோய்க் குறியீடுகளே ஏறத்தாழ 70,000 ஆகிவிட்டதால், நர்சிங், பார்மசி, உயிரியல் படித்த பிள்ளைகளுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் இது நல்லதொரு வேலைவாய்ப்பாக இருந்துவருகிறது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. முன்பு சார்ட்டை முதலில் படிப்பவர்கள் நாங்கள்தான். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் முதலில் படித்து, திரையின் வலப்பக்கத்தில் குறியீடுகளை வரிசையாகத் தந்துவிடுகிறது. அவற்றை ஏற்பதோ நீக்குவதோதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை. வேலை குறைந்துவிட்டதாகக் கருதி, ஒரு நாளில் முடிக்க வேண்டிய சார்ட்டுகளின் டார்கெட்டை உயர்த்திவிட்டார்கள். ஆனால் மென்பொருள் செய்யும் பிழைகள் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடுபவை அல்ல. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து நலமாக இருக்கும் ஒருவரின் சார்ட்டில் புற்றுநோய் என்ற சொல் முந்தைய வரலாறாகத்தான் வரும். மென்பொருளோ இன்றும் புற்றுநோய் இருப்பதற்கான குறியீட்டைக் கொடுத்துவிடுகிறது. வெளிநோயாளியைப் பார்த்த மருத்துவர் நிமோனியாவாக இருக்குமோ என்று சந்தேகித்து எக்ஸ்ரே எழுதியிருந்தால், விதிப்படி நாங்கள் இருமலையும் காய்ச்சலையும்தான் பதிய வேண்டும். மென்பொருள் நிமோனியா என்றே பதிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சார்ட்டை முழுவதும் படித்தாக வேண்டும். புதிய டார்கெட்டில் அதற்கு நேரம் இல்லை. தணிக்கையில் பிழை வெளிப்பட்டால் அது என் பெயரில்தான் பதிவாகிறது.

அண்மையில் ஒரு கூட்டத்தில் இந்தக் கவலையைச் சொன்னபோது, "வங்கிகளில் கணினி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், போராடினார்கள், கடைசியில் ஒன்றும் ஆகவில்லை" என்று மேலாளர் பதிலளித்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. அக்காலத்தை நேரில் அறியாத எனக்கு அதை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அப்போது வங்கியில் பணிபுரிந்தவர்கள் இங்கே இருந்தால், உண்மையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுகிறேன். எங்களைப் போன்றவர்களின் அச்சம் அறியாமையால் வருவதுதானா? எங்களால் நிறுவனத்திடம் கேட்டுப் பெறக்கூடியது ஏதாவது உண்டா?

மறுமொழி (ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், திருநெல்வேலி)

வணக்கம் அம்மா. நான் 1970களின் இறுதியில் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, சங்கத்தின் கிளைப் பொறுப்பிலும் இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் மேலாளர் சொன்னதை நானும் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் கதையின் நடுப்பகுதியை முழுவதும் விட்டுவிடுகிறார்கள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அக்காலத்தில் சேமிப்புக் கணக்கு என்பது லெட்ஜரில் ஒரு பக்கம். ஒவ்வொரு வவுச்சரையும் கையால் பதிந்து, இருப்பைக் கூட்டிக் கழித்து எழுதி, அதிகாரியிடம் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய நாள்களை ஒட்டி அரையாண்டு வட்டி போடும் பருவம் வரும். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை ஒரு கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ, அதற்கு மட்டுமே வட்டி. அந்தத் தொகையை ஆறு மாதங்களுக்கும் தனித்தனியாக எடுத்தெழுதிக் கூட்டி, வட்டி கண்டு, எல்லாக் கணக்குகளையும் கூட்டினால் பொதுப் பேரேட்டோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு லெட்ஜராகப் பிரித்துக்கொண்டு இரவு வெகுநேரம்வரை உட்கார்ந்து தேடுவோம். இந்த வேலையை இயந்திரம் செய்யட்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மறுப்பு இருந்ததில்லை. இயந்திரத்தைக் கண்டு நாங்கள் மிரண்டோம் என்று பேசுபவர்களுக்கு இது தெரிவதில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற கேள்வி, எந்த வேலையை, எத்தனை இயந்திரங்கள், யாரைக் கேட்டுக்கொண்டு எடுத்துக்கொள்ளப்போகின்றன என்பதுதான்.

இந்தக் கேள்வி எங்களோடு தொடங்கவில்லை. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டிலேயே, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, நவீனமயத்தால் இருக்கும் பணியாளர் யாரும் வேலையையோ ஊதியத்தையோ இழக்கக் கூடாது, அதனால் வரும் ஆதாயம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும், வேலைப்பளு முறையாக அளவிடப்பட வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினி நிறுவ முயன்றபோது, ஊழியர்கள் அந்தக் கட்டடத்தை இரவும் பகலும் காவல் காத்துத் தடுத்தார்கள். அதன் பின்னரே, 1969இல், தானியங்கிமயத்தை ஆராய வி. எம். தாண்டேகர் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது.

வங்கிகளைப் பொறுத்தவரை 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எவ்வகை இயந்திரங்கள், எந்த அளவுக்கு, எந்தப் பணிகளுக்கு என்பது அதில் எழுதப்பட்டது. இருப்பவர்கள் யாருக்கும் வேலை போகாது என்றும், இயந்திரத்தை இயக்குபவருக்குத் தனிப்படி உண்டு என்றும் ஏற்கப்பட்டது. அதை அடுத்து சி. ரங்கராஜன் குழு 1984இல் அளித்த அறிக்கையும், 1989இல் அவர் தலைமையில் வந்த இரண்டாவது அறிக்கையும், கிளைகள் எப்படிப் படிப்படியாகக் கணினிமயமாக வேண்டும் என்று வகுத்தன. 1993இல் மீண்டும் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆக, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு படியும் பேசித்தான் ஏறப்பட்டது. இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், ஆகாமல் பார்த்துக்கொள்ள ஆள்கள் இருந்தார்கள், கையெழுத்துப் போட்ட தாள்கள் இருந்தன. உங்கள் மேலாளர் அந்தத் தாள்களில் ஒன்றையாவது உங்களுக்குத் தரத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் "ஒன்றும் ஆகவில்லை" என்பது அங்கேதான் பொய்த்துப்போகிறது. எங்களை யாரும் வெளியேற்றவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களை உள்ளே விடவில்லை. 1990களில் எழுத்தர் தேர்வுகள் அருகிப்போயின. 2000–01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ்ச் சுமார் 1 லட்சம் பேர் பொதுத்துறை வங்கிகளிலிருந்து வெளியேறினார்கள். வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் 2001இல் கலைக்கப்பட்டன. வங்கிகளுக்கான ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு 2011இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டம் முடித்து, தட்டச்சுத் தேர்வும் எழுதி, வங்கி வேலைக்கென்றே தயாராகிக் காத்திருந்து வயது கடந்துபோன பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அவர்களுக்காகப் பேச எந்த மேசையிலும் நாற்காலி போடப்படவில்லை. அவர்களை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை, ஏனெனில் வேலைக்கே வராதவர் வேலையிழந்தவர் ஆகமாட்டார்.

வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த நன்மையையும் மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் அடிப்படையில் வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கையால் எழுதிய காலத்தில் அது நடக்கிற காரியமே அல்ல. 10ஆம் தேதிக்குப் பிறகு ஒருநாள் பணம் எடுத்ததற்காக மாதம் முழுவதற்குமான வட்டியை இழந்துகொண்டிருந்த சாதாரண மக்களுக்கு அது உண்மையான ஆதாயம். இயந்திரம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. கேட்டுச் செய்தார்களா என்பது வேறு கேள்வி. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்கக் கூடாது.

மறுமொழி (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

ஐயாவின் விரிவான பதிவுக்கு மிக்க நன்றி. நான் இத்தகைய மென்பொருள்களை உருவாக்கும் பக்கத்தில் இருப்பவன். அச்சம் நியாயமானது என்பதை ஏற்கிறேன், ஆனால் அதன் அளவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு.

இத்துறையில் சொல்லப்படும் ஆருடங்கள் நம்பத்தக்கவையாக இருந்ததில்லை. 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹிண்டன், 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் படங்களைப் படித்துவிடும் என்றார். அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அமெரிக்காவில் இன்றும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். ஏடிஎம் கதையும் அப்படியே. அவை பரவியபோது அமெரிக்க நகர்க் கிளை ஒன்றுக்குச் சராசரியாக 20 காசாளர்கள் இருந்தது 13 ஆகக் குறைந்தது. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் புதிய கிளைகளைத் திறந்தன. அதனால் காசாளர்களின் மொத்த எண்ணிக்கை நெடுநாள் குறையவில்லை. (கைப்பேசி வழி வங்கிச் சேவை வந்தபிறகு அது குறையத் தொடங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

எனவே, இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று அஞ்சுவதைவிட, செய்துவிட்டதாக நிறுவனங்கள் சொல்வதைச் சந்தேகிப்பது பயன் தரும் என்பது என் எண்ணம். சுவீடனைச் சேர்ந்த கிளார்னா என்ற நிறுவனம் 2024இல், தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களின் வேலையைச் செய்வதாக உலகெங்கும் விளம்பரப்படுத்தியது. அடுத்த ஆண்டே, சேவையின் தரம் குறைந்துவிட்டதென்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு மறுபடியும் மனிதர்களைப் பணிக்கு எடுக்கத் தொடங்கினார்.

சகோதரி குறிப்பிட்ட புற்றுநோய்ப் பிழை தற்செயலானது அல்ல. மொழி மாதிரிகள் எனப்படும் இத்தகைய மென்பொருள்கள் ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வழக்கமாக வருகிறது என்பதிலிருந்தே கற்கின்றன. புற்றுநோய் என்ற சொல்லைச் சுற்றி மருந்து, அறுவை, மருத்துவர் பெயர் எல்லாம் இருக்கும்போது, ஓரத்தில் நிற்கும் "முன்பு இருந்தது" என்பதன் எடை குறைந்துபோகிறது. இதைக் குறைக்கலாம், முற்றிலும் ஒழித்துவிட்டோம் என்று நேர்மையான எந்தப் பொறியாளரும் எழுதித் தரமாட்டார். அதுமட்டுமன்றி, பரிந்துரை பெரும்பாலும் சரியாகவே இருந்தால் பார்ப்பவரின் கவனம் தளர்வது மனித இயல்பு. விமான ஓட்டிகளிடத்தில் பல காலமாக ஆராயப்பட்டுவரும் சிக்கல் இது. அப்படியிருக்க, மென்பொருளைத் தந்துவிட்டு டார்கெட்டையும் ஏற்றுவது பிழைகளை வாசல் திறந்து வரவேற்பதாகும். உங்கள் அணியில் நீக்கப்படும் பரிந்துரைகளின் எண்ணிக்கையும் காரணமும் எங்கேயாவது பதிவாகின்றனவா என்று கேளுங்கள். பதிவாகவில்லையென்றால், இந்த மென்பொருள் எவ்வளவு சரியானது என்பது உங்கள் நிர்வாகத்துக்கே தெரியாது.

மறுமொழி (கோடிங் பயிற்சியாளர், திருச்சி)

நான் புதிதாகத் தேர்வு எழுதுபவர்களுக்கு வகுப்பு எடுப்பவள். வங்கி ஐயா சொன்ன "உள்ளே விடப்படாதவர்கள்" இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிஎஸ்சி முடித்து, பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் சான்றிதழ்த் தேர்வில் தேறி வருகிறார்கள். நேர்காணலில் அனுபவம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். எளிய சார்ட்டுகளை மென்பொருள் எடுத்துக்கொண்டதால் புதியவர்கள் கைபழகும் படி இல்லாமல் போயிற்று.

இதில் எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இன்று மென்பொருளின் பிழையைப் பிடிக்கும் தணிக்கையாளர்கள் எல்லோரும், ஒரு காலத்தில் வெறும் சார்ட்டை வெறும் கண்ணால் படித்துத் தப்பும் தவறுமாகக் கோட் போட்டு, மூத்தவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். மருத்துவரின் எழுத்துநடையிலிருந்தே அவர் சந்தேகத்தில் எழுதினாரா முடிவாக எழுதினாரா என்று உணரும் பழக்கம் அப்படித்தான் வரும். புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டு, இன்னும் சில ஆண்டுகளில் இந்தத் தணிக்கையாளர்களை எங்கிருந்து கொண்டுவரப் போகிறார்கள்? நான் கேட்ட எந்த நிறுவனத்தாரிடமும் இதற்குப் பதில் இல்லை.

மறுமொழி (மெல்பேர்ன்)

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழன் என்ற முறையில், இங்கே நடந்த ஒன்றைச் சொல்வது பொருந்தும் என்று நினைக்கிறேன். மக்களின் அவநம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டும்.

இங்கு வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் அரசு இரு வாரங்களுக்கு ஒருமுறை உதவித்தொகை தருகிறது. அந்த இரு வாரத்தில் ஈட்டிய வருமானத்துக்கு ஏற்ப அது கூடும், குறையும். 2015இல் சோதனையாகத் தொடங்கி 2016இல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்த ஒரு தானியங்கி முறையைப் பின்னாளில் எல்லோரும் ரோபோடெட் (ரோபோ சுமத்திய கடன்) என்றே அழைத்தார்கள். அது செய்தது இதுதான்: வரித்துறையிடம் உள்ள ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களாகச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை பெற்றவர் தாமே தெரிவித்த வருமானத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் கடன் என்று கடிதம் அனுப்பியது.

ஒரு மாணவர் ஆண்டின் முதல் பாதியில் இரு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 டாலர் ஈட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் வேலை இல்லாமல் உதவித்தொகை பெற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. ஆனால் 26,000ஐ 26ஆல் வகுத்தால் இரு வாரத்துக்கு 1,000 டாலர் வருகிறது. உடனே அந்த முறை, "வேலை இல்லை என்று சொன்ன வாரங்களிலும் நீ 1,000 டாலர் ஈட்டியிருக்கிறாய், வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு" என்றது. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்மீது விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை, மூடப்பட்டுவிட்ட கடைகளின் முதலாளிகளிடம் போய் அவர் கேட்க வேண்டும். தொலைபேசியில் பேசினாலும், கணக்கு எப்படி வந்தது என்று விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவரை எட்டுவது அரிதாக இருந்தது.

சட்ட அடிப்படையே இல்லாமல் இப்படி எழுப்பப்பட்ட கடன்கள் ஏறத்தாழ 4,70,000. 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசு தோல்வியை ஒப்புக்கொண்டது. 2021இல் சுமார் 180 கோடி டாலர் மதிப்பிலான தீர்வை நீதிமன்றம் ஏற்றது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் தந்த அறிக்கை, கடன் சுமத்தப்பட்டுத் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் சொன்னவற்றையும் பதிவு செய்தது. இத்தனைக்கும் அதில் செயற்கை நுண்ணறிவு ஏதும் கிடையாது, வெறும் வகுத்தல் கணக்கு. அதிகாரிகளுக்குள்ளேயே ஐயம் எழுந்தது, சட்டப்படி செல்லாது என்ற ஆலோசனை முன்கூட்டியே வந்திருந்தது, அவை ஒதுக்கப்பட்டன. இதைக் கண்ணால் பார்த்த ஒரு சமூகத்திடம், இன்னும் சிக்கலான, உள்ளே என்ன நடக்கிறது என்று செய்தவருக்கே முழுதாகத் தெரியாத ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து "நம்புங்கள்" என்று சொன்னால், தயங்குவது அறிவின் அடையாளம் என்றே நான் சொல்வேன்.

உங்கள் நிலைமையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். இங்கே பிழைக்குப் பொறுப்பேற்க மனிதரே இல்லாமல் செய்தார்கள். உங்கள் அலுவலகத்தில் மனிதர் இருக்கிறார், ஆனால் படித்துப் பார்க்க அவருக்கு நேரம் இல்லாமல் செய்திருக்கிறார்கள். பிழை வந்தால் எழுத ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக மட்டும் உங்களை அங்கே உட்காரவைப்பது, அந்த அமெரிக்க நோயாளிக்கும் அநீதி, உங்களுக்கும் அநீதி. தமக்கு இல்லாத புற்றுநோயைச் சுமந்துகொண்டு திரியும் ஆவணத்தை அவர் எந்த அலுவலகத்தில் போய்த் திருத்துவார்?

மறுமொழி (தொழிலாளர் வழக்கறிஞர், மதுரை)

கேட்டுப் பெறக்கூடியது ஏதாவது உண்டா என்ற இறுதிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ என்ற பிரிவு இருந்தது. நான்காம் அட்டவணையில் சொல்லப்பட்ட பணி நிலைமைகளில் மாற்றம் செய்ய வேண்டுமானால், முதலாளி 21 நாள்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அட்டவணையின் 10ஆவது இனம், ஆள்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய வகையில் இயந்திரத்தையோ செய்முறையையோ மேம்படுத்துவதைப் பற்றியது. அதாவது, புதிய தொழில்நுட்பம் வரும்போது தொழிலாளியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏற்றிருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 இந்த ஏற்பாட்டை 40ஆவது பிரிவிலும் மூன்றாம் அட்டவணையிலும் தொடர்கிறது. ஆள்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு மறுபயிற்சிக்காக 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை முதலாளி செலுத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒரு புதிய தொழிலைக் கற்றுக்கொள்ள 15 நாள் ஊதியம் எந்த மூலைக்குப் போதும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் கோரிக்கை வைக்க அது ஒரு பிடி.

தகவல் தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. அத்துறை ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எழுத்துப் பணியும் தொழில்நுட்பப் பணியும் செய்பவர் சட்டப்படி தொழிலாளியே. ஊதிய வரம்பு மேற்பார்வையாளர்களுக்குத்தான். உங்கள் பதவிப் பெயரில் அனலிஸ்ட் என்றோ எக்ஸிகியூட்டிவ் என்றோ இருப்பது முக்கியமல்ல, நீங்கள் அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

சட்டத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆள்குறைப்பு இல்லாமல் டார்கெட்டை மட்டும் உயர்த்தினால் 10ஆவது இனத்தைக் காட்டி வாதாடுவது கடினம். புதியவர்களை எடுக்காமலிருப்பதைக் கேள்வி கேட்க எனக்குத் தெரிந்து சட்டத்தில் வழியில்லை. தானியங்கி முறை மட்டுமே எடுத்த முடிவுக்கு ஆட்படாமலிருக்கும் உரிமையை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆவது பிரிவு தருகிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை.

சட்டம் எட்டாத இடத்தில் ஒப்பந்தம் எட்டும். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவு தடை செய்யப்படவில்லை. எழுத்தாளரை அதைப் பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது, அதனால் உருவான பிரதியைத் தயாரிப்பு நிறுவனம் எழுத்தாளரிடம் கொடுத்தால் அப்படி உருவானது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றவைதான் எழுதப்பட்டன. வங்கி ஐயா விவரித்த 1983 ஒப்பந்தத்துக்கும் இதற்கும் இடையே 40 ஆண்டுகள் இருந்தாலும், கேட்ட முறை ஒன்றேதான்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் வேலையைப் பற்றிய கேள்வியை வைக்கமாட்டேன். பிழையைப் பற்றிய கேள்வியை எழுத்தில் வைப்பேன். மென்பொருள் பரிந்துரைத்த குறியீடு எது, பணியாளர் மாற்றியது எது என்பது தணிக்கையில் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். மென்பொருளின் பிழை பணியாளரின் மதிப்பெண்ணில் சேரக் கூடாது. சார்ட்டை முழுமையாகப் படிக்கத் தேவையான நேரத்தை அளந்து டார்கெட் வைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயத்தின் முன், தன் இணையதளத்து உரையாடல் மென்பொருள் பயணிக்குத் தந்த தவறான தகவலுக்கு அந்த மென்பொருளே பொறுப்பு என்பதுபோல ஏர் கனடா நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நிறுவனத்தையே இழப்பீடு தரச் சொன்னது. மென்பொருளின் பிழைக்கு அதை அமர்த்தியவரே பொறுப்பு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீக்கப்படும் பரிந்துரைகள் எங்கள் அலுவலகத்தில் தனியாகப் பதிவாவதில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இறுதிக் குறியீடு மட்டுமே சேமிக்கப்படுகிறது. வழக்கறிஞர் ஐயா சொன்ன மூன்றையும் எழுதி, அணியில் உள்ள மற்றவர்களிடம் காட்டியிருக்கிறேன். சிலர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள், சிலர் வீட்டுக் கடனை நினைத்துத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களில் கணிசமானோர் நிறுவனத்தின் நேரடிப் பணியாளர்கள் அல்லர், ஆள்வழங்கும் முகமை ஒன்றின் பட்டியலில் இருப்பவர்கள். அவர்கள் கையெழுத்திட்டால் அது செல்லுமா?

வழக்கறிஞர், மதுரை

கோரிக்கைக் கடிதத்தில் யார் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம், அதற்குத் தடை ஏதும் இல்லை. முகமைப் பணியாளர்கள் கையெழுத்திட்டால் கடிதத்தை நிறுவனத்துக்கும் முகமைக்கும் ஒருசேர முகவரியிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார். உண்மையான முதலாளி யார் என்ற கேள்வி பின்னால் எழுந்தால், டார்கெட்டை நிர்ணயிப்பவர் யார், விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் யார், தணிக்கை மதிப்பெண் போடுபவர் யார் என்பவைதான் சான்றாகும். எனவே அவை தொடர்பாகத் தங்களுக்கு வரும் மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். நோயாளியின் விவரம் உள்ள எதையும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக்கூட, வெளியே எடுக்கக் கூடாது. உங்கள் வாதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஒன்றைக் காரணம் காட்டியே பணிநீக்கம் செய்துவிடுவார்கள்.